ஓய்ந்த இரும்புப் பாலத்தைப் படித்து எழுதுவது எப்படி

மட்டக்களப்பில் 32 வருடம் படவரைஞனாக இருந்தேன். ரோட்டுப் பாலம், மதகு, வாய்க்கால் கட்டு என்று வரைந்த தாள்களுக்குக் கணக்கில்லை. ஓய்வுக்குப் பிறகு மூடிவைத்த வரைபலகையைத் திரும்பத் திறக்கவைத்தவர்கள் எங்கள் தெருப் பிள்ளைகள் மூன்று பேர். மட்டக்களப்பு வாவிக்கு மேலே டவுனையும் கல்லடியையும் இணைக்கும் கல்லடிப் பழைய பாலத்தைப் பற்றிப் பாடசாலைச் செயற்திட்டம் எழுத வேண்டுமாம். தேடிப் பார்த்தால் எங்கும் அதே நான்கு வரிதானாம். "மாமா, வேற எங்க பார்க்கிறது?" என்று கேட்டார்கள். "பாலத்தையே பாருங்கோ" என்று சொல்லி, அடுத்த சனிக்கிழமை காலை நானும் கூடப் போனேன். அன்று தொடங்கிய வேலையில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் ஊரில் இருப்பது ரோட்டுப் பாலமாக இருக்கலாம், கோச்சி ஓடி ஓய்ந்த பாலமாகவும் இருக்கலாம். தறையாணி, அதாவது தகடுகளைத் துளைத்துச் சூட்டோடு அடித்து இறுக்கும் ஆணி, அடித்துக் கட்டிய இரும்புப் பாலம் எல்லாமே ஒரே குடும்பம்தான், முறையும் ஒன்றுதான்.

முதலில், அது உண்மையில் ஓய்ந்துவிட்டதா?

ஒரு பாலம் முழுதாகக் கைவிடப்படலாம், வேலையில் பாதியை இழக்கலாம், வேறு வேலைக்கு மாறலாம். எது நடந்தது என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். கல்லடிப் பாலம் மூன்றாவது வகை. 1924இல் கட்டியதாகச் சொல்லப்படும் இந்த இரும்புப் பாலம், பக்கத்திலேயே 288 மீட்டர் நீளப் புதுப் பாலம் 2013 மார்ச் 22இல் திறக்கப்பட்டதும் வாகனச் சுமையிலிருந்து விடுபட்டது. இப்போது நடப்பவர்கள், சைக்கிள்காரர், தூண்டில்காரர் கையில் இருக்கிறது.

மன்னம்பிட்டி இரண்டாவது வகை. மகாவலி ஆற்றுக்கு மேலே இருக்கும் அந்தப் பாலத்தில் றெயிலும் பஸ்ஸும் ஒரே வழியால்தான் போய்வந்தன. கோச்சி வரும்போது வாகனமெல்லாம் நிற்க வேண்டும். கொழும்புக்குப் பஸ்ஸில் போன எங்கள் தலைமுறை ஆட்கள் எல்லாருக்கும் அந்தக் காத்திருப்பு ஞாபகம் இருக்கும். 2007இல் ரோட்டுக்குத் தனிப் பாலம் வந்ததும் பழையது றெயிலுக்கு மட்டும் என்றானது.

முதல் வகைக்கு நமக்குக் கிட்ட இருப்பது பாம்பன். 1914இல் திறந்து, 1964 டிசம்பர் புயலில் அடிபட்டு, 46 நாளில் திருத்தி, பிறகும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிய கடல் பாலம். உப்புத் துரு தின்றதால் 2022 டிசம்பரில் றெயில் நின்றது. 2025 ஏப்ரலில் பக்கத்தில் புதுப் பாலம் திறந்தார்கள். கல்லடியில் நிற்கும் எனக்கு அது அயல்வீட்டுச் செய்தி மாதிரி. அதே உப்புக் காற்றுத்தான் இங்கேயும்.

றெயில் இன்னும் ஓடும் பாலத்தில் ஏறாதீர்கள். மன்னம்பிட்டியிலோ ஓட்டமாவடியிலோ தண்டவாளத்தில் நடந்து அளக்க ஆசை வரும். அது சட்டப்படி குற்றம். அதைவிட, பாலத்தின் நடுவில் நிற்கும்போது ஒதுங்க இடமில்லை. கரையில் நின்று படம் எடுங்கள், போதும். ஓய்ந்த பாலமாக இருந்தாலும் யாருடைய சொத்து என்று கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நெடுஞ்சாலைப் பாலம் என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை, தண்டவாளம் இருந்த பாலம் என்றால் புகையிரதத் திணைக்களம். அனுமதிக் கடிதத்துக்குப் போகும்போதே, உங்களைத் தவிர இன்னொருவருக்கும் அந்தப் பாலத்தில் அக்கறை இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

பெயரிலும் ஒரு சாட்சி இருக்கிறது

பழைய பாலத்துக்கு ஆண்டு தேடும்போது எல்லாரும் ஒரே எண்ணைப் பிரதி பண்ணுகிறோம். நான் பிள்ளைகளுக்குச் சொன்னது: ஒரு பாலத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டு இருக்கும். காசு ஒதுக்கிய ஆண்டு, வேலை தொடங்கிய ஆண்டு, திறந்த ஆண்டு. யாராவது "கட்டிய ஆண்டு" என்றால் இதில் எது என்று கேளுங்கள்.

கல்லடிப் பாலத்தின் பழைய பெயர் லேடி மன்னிங் பாலம். வில்லியம் மன்னிங் இலங்கையின் ஆளுநராக இருந்தது 1918 முதல் 1925 வரை. ஆளுநரின் மனைவியின் பெயரைப் பாலத்துக்கு வைப்பதென்றால் அவர் பதவியில் இருக்கும் காலத்தில்தான் பெரும்பாலும் வைப்பார்கள். ஆக 1924 என்ற ஆண்டு பெயரோடு ஒத்துப்போகிறது. இப்படி இரண்டு வழியால் வந்து ஒரே இடத்தில் முட்டினால்தான் ஆண்டை எழுதலாம்.

அந்தப் பத்தாண்டையும் சேர்த்துப் பாருங்கள். மட்டக்களப்புக்கு றெயில் வந்தது 1928இல். ஒரு கரையில் கல்லடிப் பாலம், மறு பக்கம் மன்னம்பிட்டி வழியாக இரும்புப் பாதை. அம்மம்மா சொல்வார், அவர் சின்னப்பிள்ளையாக இருந்தபோது கல்லடியிலிருந்து டவுனுக்குத் தோணிதான் என்று. தோணியைத் தவறவிட்டால் கரையில் குந்தியிருக்க வேண்டியதுதானாம். ஒரே தலைமுறையில் தோணியும் போய்க் கோச்சியும் வந்துவிட்டது. உங்கள் கட்டுரையில் பாலத்தைத் தனியே நிறுத்தாமல் இப்படிப் பக்கத்தில் நடந்ததோடு சேர்த்து எழுதினால்தான் அது ஏன் வந்தது என்று விளங்கும்.

அளப்பது

தேவை இவ்வளவுதான்: 30 மீட்டர் உருக்கு நாடா, சோக்கு, சதுரக்கட்டக் கொப்பி, நூலில் கட்டிய தூக்குக்குண்டு, இரண்டு பேர். எதையும் அளப்பதற்கு முன் கண்களுக்கு இலக்கம் போடுங்கள். தூணுக்குத் தூண் இடைவெளியைக் கண் என்போம். டவுன் பக்கம் முதல் கண் 1, கல்லடிப் பக்கம் போகப் போக 2, 3 என்று. நான் முதல் நாள் இதைச் செய்யாமல் விட்டேன். ஒரு பிள்ளை டவுனிலிருந்து எண்ண, மற்றப் பிள்ளை கல்லடியிலிருந்து எண்ண, பின்னேரம் வீட்டில் இருந்து தாளைப் பார்த்தால் எந்தத் துரு எந்தக் கண்ணில் என்று தெரியவில்லை. ஒரு நாள் முழுக்க வீண். இப்போது கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் ஒரு அம்புக்குறி போட்டு "டவுன்" என்று எழுதுகிறோம்.

ஒரு கண்ணை மட்டும் ஒழுங்காக அளந்தால் மற்றவற்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பக்கச் சட்டகத்தில் முக்கோணங்கள் திரும்பத் திரும்ப வரும். அவை எத்தனை என்று எண்ணி, ஒன்றின் அகலத்தை அளந்து பெருக்குங்கள். பிறகு முழு நீளத்தையும் நாடாவால் அளந்து சரிபாருங்கள். வித்தியாசம் வந்தால் எண்ணியது பிழையாக இருக்கலாம், அல்லது அந்தக் கண் பிற்காலத்தில் திருத்தப்பட்டிருக்கலாம். இரண்டாவது கிடைத்தால் புதையல்.

அளப்பது காலை ஏழு மணிக்கு முன். வெயில் ஏறினால் கையை வைக்க முடியாது, அதோடு இரும்பு நீளும். 30 மீட்டர் உருக்கு 15 பாகை சூடேறினால் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளும். இதற்காகவே கண்ணின் ஒரு முனையை இறுக்கி, மறு முனையை உருளையிலோ வழுக்குத் தட்டிலோ வைப்பார்கள். தூணின் தலையில் அது தெரிகிறதா என்று கரையிலிருந்தோ தோணியிலிருந்தோ பாருங்கள். அதில் துருவும் காக்காய் எச்சமும் புல்லும் சேர்ந்து இறுகியிருந்தால் பாலம் நீள இடமில்லாமல் தூணைத் தள்ளும். எழுதிவையுங்கள், படமும் எடுங்கள்.

இரும்பில் எழுதியிருப்பது

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். எங்கள் பின்வளவு வேலியில் ஒரு தண்டவாளத் துண்டு தூணாக நிற்கிறது. அப்பா எங்கிருந்தோ வாங்கி நட்டது. எத்தனையோ வருடம் அதில் உடுப்புக் காயப்போடும் கொடியைக் கட்டினோம். ஒரு நாள் பின்னேரம் பேத்தியோடு அதன் இடுப்பில், அதாவது தலைக்கும் அடிக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய பகுதியில், வெள்ளைச் சோக்கைப் படுக்கையாக வைத்துத் தேய்த்தேன். டோர்ச் லைற்றைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்கச் சொன்னேன். துருவுக்குள் இருந்து எழுத்துகள் ஒவ்வொன்றாக எழும்பின. முதலில் ஒரு எண், பிறகு சில எழுத்து, கடைசியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் சின்னக் கோடுகள். "அப்பப்பா, யாரு இதுல கீறினது?" என்று கேட்டாள் பிள்ளை.

யாரும் கீறியதில்லை. உருக்காலை உருளையில் வெட்டியிருக்கும் எழுத்து, சிவக்கக் காய்ந்த இரும்பு அதற்குள்ளால் போகும்போது புடைத்துப் பதிகிறது. செய்த ஆலை, ஒரு யார்டுக்கு எத்தனை இறாத்தல், ஆண்டு எல்லாம் அதில் இருக்கும். சில ஆலைகள் மாதத்தைக் கோடுகளால் காட்டும். பாலத்தின் உத்தரங்களிலும் ஆலைப் பெயர் இப்படிப் பதிந்திருக்கலாம். பிரித்தானிய ஆட்சி இருந்த நாடுகளின் பழைய கட்டடங்களிலும் பாலங்களிலும் டோர்மன் லாங் என்ற இங்கிலாந்து உருக்காலையின் பெயரையும் அதன் ஊரான மிடில்ஸ்பரோவின் பெயரையும் இப்படிக் காண்பது சாதாரணம்.

ஒரு எச்சரிக்கை. இரும்பில் இருக்கும் ஆண்டு இரும்பு பிறந்த ஆண்டு. பாலம் பிறந்த ஆண்டு அல்ல. 1924இல் பூட்டிய உத்தரம் அதற்கு முன்பே கப்பலேறியிருக்கலாம், தண்டவாளமோ வேறு பாதையிலிருந்து கழற்றிக்கொண்டு வந்ததாக இருக்கலாம். "இதற்கு முந்தி அல்ல" என்று மட்டும் எழுதலாம்.

எழுத்தைத் தேடிப் பெயின்ற்றைச் சுரண்டாதீர்கள். பழைய இரும்புப் பாலங்களுக்கு அடிப்பூச்சாகச் செவ்வீயம் பூசினார்கள். அந்தத் தூள் ஈயம். பிள்ளைகள் மூச்சில் இழுக்கவே கூடாது. சோக்குத் தேய்ப்பு, சாய்ந்த வெளிச்சம், அதற்கு மேல் வேண்டாம்.

ஆட்களிடம் கேட்பது

எனக்கு ஒரு மனவருத்தம் இருக்கிறது. பழைய பாலத்தில் எறிதூண்டில் போடும் ஒரு பெரியவர் இருந்தார். நான் நடக்கப் போகும்போதெல்லாம் ஒரே இடத்தில், பக்கச் சட்டகத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு குந்தியிருப்பார். நைலோன் நூலை மேலே உள்ள இரும்பில் ஒரு சுற்றுச் சுற்றி, மிச்சத்தைச் சுட்டுவிரலில் பிடித்திருப்பார். நூலின் துடிப்பை வைத்தே மீன் கொத்துகிறதா, நண்டு இழுக்கிறதா என்று சொல்வார். ஒரு வாகனம்தான் போகலாம் என்றிருந்த காலத்தில், இந்தப் பக்கம் பஸ் நிற்க, அந்தப் பக்கத்திலிருந்து வருவதற்கு எல்லாரும் காத்திருந்ததைப் பற்றி அரை மணித்தியாலம் சொன்னார். நான் பதியவில்லை. "வாற கிழமை போனைக் கொண்டு வாறன் அண்ணன்" என்றேன். அடுத்த கிழமை மழை. அதற்கடுத்த கிழமை அந்த இடம் வெறுமையாக இருந்தது. மாசியில் காலமாகிவிட்டார் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன்.

ஆகவே அளப்பதை விடுங்கள், ஆவணத்தை விடுங்கள், முதலில் ஆட்களிடம் போங்கள். இரும்பு அடுத்த வருடமும் அங்கேதான் இருக்கும்.

"எந்த ஆண்டு?" என்று கேட்காதீர்கள். யாருக்கும் தெரியாது, தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு ஏதாவது எண்ணைச் சொல்லுவார்கள். 57 வெள்ளத்துக்கு முந்தியா பிந்தியா, 78 சூறாவளிக்குப் பாலத்தில் என்ன நடந்தது, அப்போ கலியாணம் முடிந்திருந்ததா, மூத்த பிள்ளை பிறந்திருந்ததா என்று கேளுங்கள். கிழக்கில் எங்களுக்கு நாட்காட்டி இதுதான். 1978 நவம்பர் 23 இரவை மறந்த ஒருவர் கூட அந்த வயதில் இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பற்றியும் அப்படித்தான்: கடற்கரையோரம் இருக்கும் நாவலடி, டச்பார் பக்கத்து ஆட்கள் அன்று காலை எங்கே நின்றார்கள் என்பதை நிமிடக் கணக்கில் சொல்வார்கள்.

போர்க்காலத்தைப் பற்றி நீங்களாகத் தோண்டாதீர்கள். கல்லடிப் பாலத்தைக் கடப்பது பலருக்கு வெறும் பயணமாக இருக்கவில்லை. ஒருவர் பேச்சை நிறுத்தினால் நீங்களும் பதிவை நிறுத்துங்கள். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மீனைப் பற்றிப் பேசுங்கள். பெயரைப் போடலாமா என்று பதிவுக்கு முன்னும், எழுதி முடித்த பிறகும், இரண்டு தடவை கேளுங்கள்.

பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். ஆண்கள் பஸ், லொறி, தூண் என்று சொல்வார்கள். எங்கள் மாமி ஒருவர்தான், சந்தைக்கு மீன் கூடையோடு நடந்தபோது வெயிலுக்கு எங்கே நிழல் விழும் என்று சொன்னார். பின்னேரம் மேற்குப் பக்கச் சட்டகத்தின் நிழல் ஒரு முழ அகலத்துக்கு விழுமாம், அதற்குள்ளேயே கால் வைத்துப் போவார்களாம். எந்தப் படவரைஞனும் வரையாத கோடு அது.

காகிதம்

கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய நிர்வாக அறிக்கைகள் இருக்கின்றன. அரசாங்க அதிபர், பொதுவேலைப் பகுதி, புகையிரதம் என்று ஆண்டுவாரியாக எழுதியவை. பாலத்தின் பெயரைக் கொண்டு தேடுவதைவிட ஆண்டைக் கொண்டு தேடுவது விரைவு: உங்கள் ஆண்டுக்கு முன்னும் பின்னும் ஐந்தைந்து வருடத்தை எடுத்து, கிழக்கு மாகாணப் பக்கத்தை மட்டும் புரட்டுங்கள். போவதற்கு முன் நூலக நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் பழைய மலர்களையும் பத்திரிகைகளையும் தேடிவிடுங்கள். கோவில் கும்பாபிஷேக மலர், பாடசாலை நூற்றாண்டு மலர் ஆகியவற்றில் பாலத்தின் படம் பின்னணியில் ஒளிந்திருக்கும்.

சட்டப் பாதுகாப்பு உண்டா என்று கேட்பார்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்தியவற்றைத்தான் தானாகவே பார்க்கிறது. 1920களின் இரும்பு அதற்குள் வராது. தனியாக அறிவித்தல் வர வேண்டும். அதற்கு முதல் ஆதாரம் உங்கள் கொப்பி.

துருவைப் படிப்பது

கச்சான் என்ற தென்மேல் காற்று வீசும் மாதங்களில் பாலம் உலர்ந்திருக்கும், அப்போது பாருங்கள். வாடை மழை தொடங்குவதற்கு முன் முடித்துவிடுங்கள். மேலே வெயில் படும் இடத்தில் தெரியும் சிவப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அபாயம் இருப்பது குப்பை தங்கும் இடத்தில்: கீழ் உத்தரத்தின் மடிப்பு, சட்டகக் கால்கள் கூடும் மூலைத் தகடு, தண்ணீர் போகும் ஓட்டை அடைபட்ட இடம். உப்பு அங்கேதான் ஈரத்தைப் பிடித்து வைக்கும். இரும்பு துருவானால் பல மடங்கு வீங்கும். இரண்டு தகட்டுக்கு நடுவில் அது நடந்தால் தகடு வயிறு ஊதும், தறையாணித் தலையே தெறிக்கும். தலையிலிருந்து கண்ணீர் மாதிரி ஒரு துருக் கோடு கீழே இறங்கியிருந்தால் அந்தத் தறையாணி அசைகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இதை எந்தக் கண், எந்த மூலை என்று குறித்து, பொறியியலாளர் ஒருவரிடம் கொடுங்கள். பாலம் தாங்குமா இல்லையா என்று சொல்வது அவர் வேலை, உங்களுடையதும் என்னுடையதும் அல்ல.

இனி அதை என்ன செய்யலாம்

இங்கே எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. ஏற்கனவே அங்கே யார் இருக்கிறார்களோ அவர்களைத் துரத்தாத திட்டம்தான் நல்ல திட்டம்.

பாரிசில் பஸ்தீய் றெயில்பாதை 1859இல் திறந்து 1969இல் மூடப்பட்டது. அதன் கல் வளைவுகளுக்குக் கீழே கைவினைக் கடைகள், மேலே மரமும் செடியுமாக நடைபாதை. நியூயோர்க்கில் 1934இல் கட்டிய சரக்கு றெயில் மேம்பாலத்தில் 1980இல் கடைசி வண்டி ஓடியது, 2009இல் பூங்காவாகத் திறந்தார்கள். படங்களைப் பார்த்து யாராவது "நாங்களும் செடி நடுவோம்" என்று கட்டாயம் கேட்பார்கள். கணக்கைக் காட்டுங்கள்: ஒரு சதுர மீட்டரில் ஒரு அடி உயர ஈரமண் ஏறத்தாழ அரைத் தொன் வரும். சனம் தோளோடு தோள் நெருங்கி நின்றாலும் அந்த அளவுதான். அதாவது செடிக்கு மண் போட்டால் வருடம் முழுக்க இரவும் பகலும் திருவிழாக் கூட்டத்தைப் பாலத்தில் நிறுத்தியது மாதிரி. பாரிசில் தாங்குவது கல், நியூயோர்க்கில் சரக்கு வண்டிக்காகச் செய்த உருக்கு. அதோடு ஈரமண் இரும்பில் ஒட்டியிருந்தால், உப்புக் காற்று ஊரில் துருவுக்கு விருந்து வைத்தது போல.

எங்களுக்குப் பொருத்தமான பாடம் இங்கிலாந்தின் எரவாஷ் பள்ளத்தாக்கில் இருக்கிறது. பெனர்லி என்ற மேம்பாலம், 1877இல் தேனிரும்பில், அதாவது உருக்குக்கு முந்திய பழைய வகை இரும்பில், கட்டியது. கீழே நிலக்கரிச் சுரங்கம் தோண்டிய தளர்ந்த நிலம், செங்கல் பாலத்தின் பாரம் தாங்காது என்பதால் இலேசான இரும்புச் சட்டகம். 1968இல் றெயில் நின்றது. உடைக்கலாம் என்று பார்த்தால் தேனிரும்பு வாயுச் சுடரில் எளிதில் வெட்டுப்படாது, துண்டு துண்டாகக் கழற்ற வேண்டும், செலவு கட்டாது. அப்படியே விட்டார்கள். ஊர்க்காரர் சேர்ந்து வருடக்கணக்காகப் பாடுபட்டு 2022 ஜனவரியில் நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் திறந்தார்கள். மேலே மண் இல்லை, கடை இல்லை. நடக்கத் தளமும் பிடிக்கக் கைபிடியும்தான்.

றெயில் பாலத்தை மாற்றும்போது முதல் செலவும் அந்த இரண்டுக்குத்தான். சிலிப்பர் கட்டைகளுக்கு நடுவில் பெரும்பாலும் வெறும் வெளி, ஓரத்தில் கைபிடி இருக்காது. ஆனால் இரண்டு நன்மை உண்டு. எஞ்சினைத் தாங்கச் செய்தது என்பதால் ஆட்களின் பாரம் அதற்குச் சின்னது. செங்குத்தான ஏற்றத்தில் கோச்சி ஏற முடியாது என்பதால் ஏற்றம் மெதுவாக இருக்கும், சக்கர நாற்காலி தள்ள அதைவிட நல்ல பாதை கிடையாது.

தளத்துக்கு ஓட்டைத் தட்டு நல்லது. மழைத் தண்ணீர் தங்காது. தூண்டில் போட ஓரத்தில் தனி இடம் விடுங்கள், நடப்பவர் காலில் கொக்கி மாட்டாது. நிழலுக்கு இலேசான பந்தல் கண்ணின் நடுவில் வேண்டாம், தூணுக்கு நேர் மேலே மட்டும். விளக்கு முழங்கால் உயரத்தில், தளத்தைப் பார்த்தபடி. வாவியில் வெளிச்சத்தைக் கொட்டாதீர்கள். பூரணை இரவில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மறு நுனியில் காதை வைத்து மீன் பாடுவதைக் கேட்கும் இடம் கல்லடிப் பாலத்தின் அடிதான். அதற்கு இருட்டும் அமைதியும் வேண்டும்.

எழுதி முடித்ததும் மூன்று பிரதி எடுங்கள். ஒன்று ஊர் நூலகத்துக்கு, ஒன்று பாலத்துக்குப் பொறுப்பான அலுவலகத்துக்கு, ஒன்று கதை சொன்ன ஆட்களுக்கு. எங்கள் பிள்ளைகள் மூன்றாவது பிரதியை அந்தத் தூண்டில்காரப் பெரியவரின் வீட்டில் கொடுத்தார்கள். அவர் குந்தியிருந்த இடத்தை வரைபடத்தில் ஒரு சின்ன வட்டமாகப் போட்டிருந்தோம். மகள் அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்கு நேர் கீழதான் ஆழம் எண்டு அப்பா சொல்லுவார்" என்றார். அதையும் வரைபடத்தில் குறித்துக்கொண்டோம்.